இரத்த அழுத்தமும் இல்லத்து உப்பும்

ஒரு மாநிலத்தின் சுகாதார முன்னேற்றத்தை மதிப்பிடும்போது சராசரி ஆயுளையும் சிசு மரண விகிதத்தையும் முதலில் நோக்குவது வழக்கம். இவ்விரண்டு அளவுகோல்களிலும் கேரளம் நெடுங்காலமாகவே நாட்டின் முன்னணியில் நிற்கிறது. ஆனால் மூன்றாவது அளவுகோல் ஒன்றும் உண்டு. நடுத்தர வயதைக் கடந்த மக்கள் எந்த நோயுடன் வாழ்கிறார்கள், அந்நோய் எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதே அது. இந்த அளவுகோலில் கேரளத்தின் நிலை மனநிறைவு அளிப்பதாக இல்லை.

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், உயர் இரத்த அழுத்தம் உடையவர்களும் அதற்காக மருந்து உட்கொள்பவர்களும் சேர்ந்து அகில இந்திய அளவில் பெண்களில் 21.3 சதவீதம், ஆண்களில் 24 சதவீதம். கேரளத்தில் இந்த விகிதம் பெண்களில் 30.9, ஆண்களில் 32.8. தமிழ்நாட்டில் முறையே 24.8, 30.2. கேரளத்தில் முதியோரின் விகிதம் அதிகம் என்பது இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம். ஆயினும் வயது மட்டுமே காரணம் என்று கூறி அமைதி அடைய இயலாது. திருவனந்தபுரத்திலுள்ள அச்சுத மேனன் சுகாதார அறிவியல் ஆய்வு மையம் 2016-17இல் 18 முதல் 69 வயது வரையுள்ள சுமார் 12,000 பேரிடம் நடத்திய ஆய்வில், பத்தில் மூன்று பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தோர் எட்டில் ஒருவர் அளவினரே. எழுத்தறிவும் மருத்துவமனைகளும் நிறைந்த ஒரு மாநிலத்தில் இந்நிலை ஏன் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். அதற்குக் கொச்சி மாநகரின் பழம்பெரும் பகுதியான மட்டாஞ்சேரி தக்கதோர் எடுத்துக்காட்டாக அமைகிறது.

நோயின் தன்மை

இதயம் இரத்தத்தைச் செலுத்தும்போது தமனிகளின் சுவர்மீது ஏற்படும் விசையே இரத்த அழுத்தம். இதயம் சுருங்கும்போது உள்ள மேல் அளவும், விரியும்போது உள்ள கீழ் அளவும் பாதரச மில்லிமீட்டரில் குறிக்கப்படுகின்றன. வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் அளவு 140 அல்லது அதற்கு மேலோ, கீழ் அளவு 90 அல்லது அதற்கு மேலோ இருப்பின் அது உயர் இரத்த அழுத்தம் எனக் கொள்ளப்படுகிறது. பேச்சு வழக்கில் இதனை இரத்தக் கொதிப்பு என்பர். அப்பெயரே மக்களைத் தவறான வழியில் செலுத்துகிறது. கோபமும் படபடப்பும் உள்ளவர்க்கே இந்நோய் வரும், தலைவலியும் மயக்கமும் இருந்தால்தான் அழுத்தம் உயர்ந்துள்ளது என்ற எண்ணங்கள் அதனால் வேரூன்றியுள்ளன. உண்மையில் பெரும்பாலோர்க்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. பல ஆண்டுகள் அமைதியாக இருந்து, பின்னர் பக்கவாதமாகவோ, மாரடைப்பாகவோ, சிறுநீரகச் செயலிழப்பாகவோ அது வெளிப்படுகிறது. அளந்து பார்ப்பதன்றி இதனை அறிய வேறு வழி இல்லை.

உப்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பு எளிதில் விளங்கக் கூடியது. உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். உடலில் சேரும் மிகுதியான சோடியத்தைச் சிறுநீரகங்கள் வெளியேற்ற வேண்டும். அது முழுமையாக நடைபெறாதபோது சோடியத்துடன் நீரும் உடலில் தங்குகிறது. இரத்தத்தின் கன அளவு பெருகுகிறது. குழாய்களின் மீது அழுத்தம் ஏறுகிறது. நாளடைவில் இரத்தக் குழாய்களின் சுவர்களும் இறுகிவிடுகின்றன. 32 நாடுகளின் 52 மையங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு இத்தொடர்பை மக்கள் தொகை அளவில் ஆராய்ந்தது. உப்பை மிகக் குறைவாக உண்ணும் சமூகங்களில் வயது ஏறினாலும் இரத்த அழுத்தம் அவ்வளவாக ஏறுவதில்லை என்பது அதன் முக்கியமான முடிவுகளுள் ஒன்று. ஆகவே, முதுமையில் அழுத்தம் உயர்வது இயற்கையே என்று வாளாவிருப்பதற்கு இடமில்லை.

மட்டாஞ்சேரியின் உணவும் உப்பும்

மட்டாஞ்சேரி உலக வணிக வரலாற்றில் இடம்பெற்ற ஊர். மிளகும் சுக்கும் ஏலமும் மஞ்சளும் இங்குள்ள கிடங்குகளிலிருந்து கடல் கடந்து சென்றன. 1568இல் கட்டப்பெற்ற பரதேசி யூதர்களின் வழிபாட்டு ஆலயமும், டச்சு அரண்மனை என்று வழங்கும் கொச்சி அரசரின் அரண்மனையும் இவ்வூரின் பழமைக்குச் சான்றுகள். கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், தமிழர், மலையாளிகள் எனப் பல சமூகத்தார் சில சதுர கிலோமீட்டர் பரப்பில் தத்தம் உணவு மரபுகளுடன் வாழ்கின்றனர். அருகிலுள்ள கோட்டைக் கொச்சியில், தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழ்ச் சலவைத் தொழிலாளர்களின் துறை இன்றும் இயங்கி வருகிறது.

இச்சமூகங்களின் உணவுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. ஆனால் உப்பைப் பொறுத்தவரை அவை ஒன்றுபடுகின்றன. கொங்கணியரின் இல்லங்களில் அப்பளமும் வற்றலும் ஊறுகாயும் அன்றாடப் பொருள்கள். குஜராத்தியர் கடைகளில் கார வகைகள். கடலோர மக்களின் தட்டில் கருவாடு. தெருவோரக் கடைகளில் உப்பு நீரில் ஊறிய நெல்லிக்காயும் மாங்காயும். உழைப்பாளியின் கஞ்சிக்கு உப்பும் ஊறுகாயும் தொட்டுக்கொள்ளும் பொருள்கள். இவற்றில் எதுவும் தன்னளவில் தீங்கானது அன்று. மழைக்காலத்தில் மீனும் காயும் கிடைக்காத நாட்களுக்கென முன்னோர் கண்ட சேமிப்பு முறைகளே இவை. குளிர்சாதனப் பெட்டி வந்து, மீன்பிடித் துறைமுகம் தோப்பும்படியிலேயே அமைந்து, பச்சைக் காய்கறி ஆண்டு முழுவதும் கிடைக்கும் காலத்திலும், பஞ்ச கால உணவு அன்றாட உணவாக நீடிப்பதே சிக்கல்.

அப்பளத்தைப் பற்றித் தனியே கூற வேண்டும். அதில் உப்பு மட்டுமன்றி அப்பளக் காரமும் சேர்கிறது. அக்காரமும் ஒரு சோடியப் பொருளே. நாக்குக்கு உவர்ப்பாகத் தெரியாததால் அது கணக்கில் வருவதில்லை. ரொட்டி, பிஸ்கட் போன்ற அடுமனைப் பொருள்களின் நிலையும் இதுவே. பொட்டலத்தின் மீது குறிக்கப்பட்டுள்ள சோடியத்தின் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும் என்பதை நுகர்வோர் நினைவில் கொள்வது நலம்.

மாதம் 600 கிராம்

வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உலகச் சராசரி ஏறத்தாழ 11 கிராம். கிராம் கணக்கு இல்லத்தரசிக்குப் பயன்படாது. எந்தச் சமையலறையிலும் உப்பை நிறுத்துப் போடுவதில்லை. ஆகவே இதனை மாதக் கணக்காக மாற்ற வேண்டும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 20 கிராம். முப்பது நாளுக்கு 600 கிராம். இது மேல் வரம்பு. குழந்தைகள் இருப்பின் இன்னும் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, உணவு விடுதிச் சாப்பாடு ஆகியவற்றில் வரும் உப்பும் இதனுள் அடங்க வேண்டும்.

மாதம் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் தீர்ந்துபோகும் இல்லத்தில், ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு எட்டு கிராமுக்கு மேல் சமையலில் மட்டுமே சேர்கிறது என்று பொருள். பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை அதன் மீதே எழுதி வைத்தால் போதும்; ஒரு கிலோ உப்பு ஐம்பது நாளுக்குக் குறையாமல் வர வேண்டும். செலவில்லாத, எவரும் செய்யத்தக்க அளவீடு இது. அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்த வேண்டும் என்பதும், அளவைக் குறைக்க வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

சுவை குன்றுமே என்ற தயக்கம் இயல்பானது. படிப்படியாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு புதிய அளவுக்குப் பழகிவிடும். மேலும், உப்பின் இடத்தை நிரப்பும் பொருள்களுக்கு இவ்வூரில் பஞ்சமில்லை. மிளகு, இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை, குடம்புளி, எலுமிச்சை ஆகியவை கறிக்கு உறைப்பும் புளிப்பும் மணமும் தருவன. உலகின் சமையலறைகளுக்கு மணம் தந்த ஊர், தன் சமையலறையில் உப்பை நம்பி வாழ வேண்டிய தேவை இல்லை.

உப்பைக் குறைத்தால் மட்டும் போதுமா?

போதாது. தட்டில் எதைக் குறைப்பது என்பதோடு எதைச் சேர்ப்பது என்பதும் முக்கியம். 1997இல் அமெரிக்காவில் வெளியான டாஷ் உணவு ஆய்வில், உப்பின் அளவை மாற்றாமலே, பழம், காய்கறி, கொழுப்புக் குறைந்த பால் பொருள்கள் ஆகியவற்றைக் கூட்டியும் நிறை கொழுப்பைக் குறைத்தும் வழங்கினர். உயர் இரத்த அழுத்தம் உடையவர்களுக்கு எட்டு வாரங்களில் மேல் அளவு சராசரியாக 11 புள்ளிகள் தாழ்ந்தது. அவ்வுணவுடன் உப்பையும் குறைத்தபோது பயன் மேலும் கூடியது என்பது 2001இல் வெளியான தொடர் ஆய்வின் முடிவு.

இதற்கு அயல்நாட்டு உணவு தேவையில்லை. கீரைத் தோரன், பயறு, முருங்கைக்கீரை, நேந்திரம்பழம், மோர், மசாலாவில் வெந்த பச்சை மத்தி ஆகியவை மட்டாஞ்சேரிச் சந்தையில் கிடைக்கும் எளிய பொருள்கள். கீரையிலும் பயற்றிலும் பழத்திலும் உள்ள பொட்டாசியம் சோடியத்தை வெளியேற்றத் துணை புரிகிறது. சீனாவின் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடத்தப்பெற்று 2021இல் வெளியான ஆய்வில், உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றியதால் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆயினும் சிறுநீரக நோய் உடையவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் சில மருந்துகளை உட்கொள்பவர்களும் இத்தகைய மாற்று உப்பை மருத்துவர் அனுமதியின்றிப் பயன்படுத்தலாகாது.

உடல் எடை ஒவ்வொரு கிலோ குறையும்போதும் மேல் அளவு ஏறத்தாழ ஒரு புள்ளி குறைகிறது. வாரத்துக்கு 150 நிமிட விரைந்த நடை மேலும் சில புள்ளிகளைக் குறைக்கும். மதுவைக் கைவிடுதல் அழுத்தத்தைத் தாழ்த்தும். புகையிலையைக் கைவிடுதல் மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைப் பெரிதும் குறைக்கும்.

உழைப்பாளர் பற்றிய ஒரு சொல்

மட்டாஞ்சேரி கிடங்குகளிலும் துறைமுகத்திலும் மூட்டை சுமந்தோர் வரலாறு நெடியது. வேலைக்கான வில்லைகளை வீசி எறிந்து, தொழிலாளரை அவற்றுக்காக அடித்துக்கொள்ளச் செய்த 'சாப்பா' முறையை எதிர்த்து அவர்கள் நடத்திய போராட்டம், 1953 செப்டம்பரில் துப்பாக்கிச் சூடு வரை சென்றது. பின்னர் 1978இல் கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. ஊதியத்துக்கும் பணிப் பாதுகாப்புக்கும் போராடி வென்ற இப்பிரிவினரிடம், உடல் உழைப்பு உள்ளவனுக்கு இரத்த அழுத்தம் வராது என்ற நம்பிக்கை உண்டு. வியர்வை சிந்துபவனுக்கு உப்பு மிகுதியாக வேண்டும் என்பது மற்றொரு நம்பிக்கை.

இரண்டுமே ஆராயத்தக்கவை. பளு தூக்கும் கணத்தில் இரத்த அழுத்தம் உயரவே செய்கிறது. சீரான நடை தரும் பயனைச் சுமை தூக்குதல் அப்படியே தந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. வியர்வையில் உப்பு வெளியேறுவது உண்மை. ஆனால் வெயிலுக்கும் உழைப்புக்கும் பழகிய உடல் வியர்வையில் இழக்கும் உப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது. சாதாரண உணவில் உள்ள உப்பே பெரும்பாலோர்க்கு அவ்விழப்பை ஈடு செய்யப் போதுமானது. உடனடித் தேவை நீரே. சலவைத் துறையில் வெயிலிலும் பெட்டியின் வெப்பத்திலும் நிற்பவர்களுக்கும் இது பொருந்தும்.

மருந்தின் இடம்

உணவு முறையைச் சீர்திருத்துவோர் செய்யும் பெருந்தவறு, மருந்தை நிறுத்திவிடுவது. சில வாரங்களில் அளவு இயல்புக்கு வந்தால் நோய் தீர்ந்தது என எண்ணுகின்றனர். அளவு இயல்பில் இருப்பது மருந்தும் உணவும் சேர்ந்து தந்த பயன். உணவு மாற்றத்தால் மருந்தின் அளவைக் குறைக்க இயலலாம். அதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

2017 நவம்பரில் தொடங்கப்பட்ட இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் மத்திய சுகாதார அமைச்சகம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசுகள், உலக சுகாதார நிறுவனம் ஆகியவை இணைந்தன. முதற்கட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்ட ஐந்து மாநிலங்களுள் கேரளமும் ஒன்று. எளிய ஒரே சிகிச்சை முறை, தடையற்ற மருந்து வழங்கல், செவிலியர்களும் களப் பணியாளர்களும் பங்கேற்கும் குழுப் பணி, இல்லத்துக்கு அருகிலேயே சேவை, ஒவ்வொரு நோயாளியையும் பின்தொடரும் பதிவு ஆகிய ஐந்தும் அதன் கூறுகள். 2022இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இம்முயற்சிக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மருந்தை வீட்டு வாயிலுக்கே கொண்டு சென்றது. நோயாளி மருந்தை நிறுத்துவதற்கு அறியாமையைவிட அலைச்சலும் ஒரு நாள் கூலி இழப்புமே பெரிதும் காரணம் என்ற உண்மையை இவ்விரு முயற்சிகளும் உணர்ந்துள்ளன.

பொருளாதாரக் கணக்கு

உப்பின் விலை மிகக் குறைவு. குடும்பச் செலவில் அதன் பங்கு கணக்கில் கொள்ளத்தக்கதன்று. எனவே விலை ஏறினால் நுகர்வு குறையும் என்ற விதி இங்கே இயங்குவதில்லை. 1930ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாக்கிரகத்தை மறவாத நாட்டில், உப்புக்கு வரி விதித்து நுகர்வைக் குறைப்பது எண்ணிப் பார்க்கத் தக்கதும் அன்று. உப்பின் உண்மையான விலை கடையில் செலுத்தப்படுவதில்லை. இருபது ஆண்டு கழித்து மருத்துவமனையில் செலுத்தப்படுகிறது. ஐம்பது வயதில் பக்கவாதத்தால் வீழும் சுமைத் தொழிலாளியின் குடும்பம் அவருடைய ஊதியத்தை இழக்கிறது. அவரைப் பராமரிக்க வேண்டியிருப்பதால் மனைவியோ மகளோ தன் வேலையையும் இழக்கிறார். சிகிச்சைக்குக் கடன் படுகிறது. ஒரே நாளில் இரண்டு வருமானங்கள் நின்றுபோகும் இந்நிலையை, அன்றாடம் ஒரு மாத்திரையும் மாதம் 400 கிராம் உப்புக் குறைவும் பெருமளவு தவிர்த்திருக்கக் கூடும்.

தனி மனிதரின் மனவுறுதியை மட்டும் நம்புவதும் சரியன்று. பிரிட்டனில் 2003ஆம் ஆண்டு முதல் உணவுத் தயாரிப்பாளர்களுடன் இலக்குகள் வகுத்து, ரொட்டி முதலானவற்றில் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்தனர். மக்களின் சராசரி உப்பு நுகர்வு 9.5 கிராமிலிருந்து 2011இல் 8.1 கிராமாகத் தாழ்ந்தது. பெரும்பாலோர் சுவையில் மாற்றத்தை உணரவே இல்லை.

செய்யத்தக்கவை

மட்டாஞ்சேரியைப் போன்ற நெருக்கமான பகுதிகளில் இவ்வழியைப் பின்பற்றுவது எளிது. அப்பளமும் ஊறுகாயும் செய்யும் சிறு தொழில் மகளிர் குழுக்களுக்குக் குறைந்த உப்பில் தரம் கெடாது தயாரிக்கும் முறையைக் கற்பிக்கலாம். பள்ளி உணவிலும் அரசு அலுவலகச் சிற்றுண்டிச் சாலைகளிலும் மேசைமீது உப்பும் ஊறுகாயும் வைப்பதைத் தவிர்க்கலாம். தொழிற்சங்க அலுவலகம், சலவைத் துறை, வழிபாட்டுத் தலங்களின் மண்டபம் ஆகிய இடங்களில் மாதம் ஒரு நாள் இரத்த அழுத்தம் அளக்க ஏற்பாடு செய்யலாம். கருவேலிப்படி, கோட்டைக் கொச்சி மருத்துவமனைகளுக்குச் சென்று வரிசையில் நிற்க இயலாதோர்க்கு இது பெரும் உதவியாகும்.

அளக்கும் முறையிலும் கவனம் தேவை. அளப்பதற்கு அரை மணி முன்பு தேநீரோ புகையோ கூடாது. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, கையை இதய மட்டத்தில் தாங்கி வைத்து, பேசாமல் இருக்க வேண்டும். மாடிப் படி ஏறி வந்தவுடன் எடுக்கும் அளவு மருத்துவரையும் நோயாளியையும் ஒருங்கே ஏமாற்றும்.

மாணவர்கள் தத்தம் இல்லத்தில் ஒரு கிலோ உப்பு எத்தனை நாளில் தீர்கிறது என்று குறித்து வரலாம். ஒரு வகுப்பின் நாற்பது இல்லங்களின் கணக்கே அப்பகுதி பற்றிய பயனுள்ள புள்ளிவிவரமாகும். அலுவலர்கள் தம் பகுதி நிலையத்தில் பதிவானோர் எத்தனை பேர் என்பதோடு நின்றுவிடாமல், அவர்களுள் 140-க்கும் 90-க்கும் கீழே அளவு வந்தோர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு மாதமும் கேட்க வேண்டும். வழங்கிய மாத்திரைகளின் எண்ணிக்கை செலவைக் காட்டும். கட்டுப்பாட்டில் வந்தோரின் எண்ணிக்கையே பயனைக் காட்டும். வீட்டில் உப்பின் கணக்கும் நிலையத்தில் இந்தக் கணக்கும் முறையாக எழுதப்படுமானால், நீண்ட ஆயுளைப் பெற்றுள்ள கேரள மக்கள் அவ்வாயுளை நலத்துடன் கழிக்க வழி பிறக்கும்.